டிஃப்ரன்ஷியலைக் கழற்றும் முன் புஷ்ஷைப் பார்த்தீர்களா?

வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

"என்னிடம் எட்டு வருடம் ஓடிய பிக்-அப் வண்டி இருக்கிறது. தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவதும், திரும்பும்போது தீவனமும் உரமும் ஏற்றி வருவதும்தான் அதன் வேலை. இரண்டு மாதமாக, கிளட்சை விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது. மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்று அடிக்கிறது. பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'டிஃப்ரன்ஷியல் போய்விட்டது. கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் மாற்ற 35,000 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். இந்தப் போகத்தில் தக்காளி விலை கைகொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தினால் வாடகை வண்டிக்குக் கொடுத்து மாளாது. செலவு செய்யலாமா, இல்லை வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடலாமா?"

– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வண்டியின் பின்பக்கத்தை நீங்களே பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சத்தத்தைப் படித்தால், எனக்கு டிஃப்ரன்ஷியல் மீது சந்தேகம் வரவில்லை. ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையிலும் இருக்கும் புஷ் மீதுதான் சந்தேகம் வருகிறது. அது சில நூறு ரூபாய் சாமான். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், மலிவானதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் விலை கூடியதில் கை வைக்க வேண்டும்.

பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைத்துவிடாதீர்கள். பின் அச்சு முழுவதும் ஒரே இரும்பு. அதன் எந்த மூலையில் தட்டினாலும் சத்தம் நடுவில் உள்ள உருண்டையில் இருந்து வருவதுபோலத்தான் கேட்கும். ஓட்டிப் பார்த்து மட்டும் முடிவு சொல்கிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் இருந்தது. இதே சத்தம்தான். டவுனில் ஒரு பட்டறையில் விட்டோம். கிரவுன், பினியன் மாற்றச் சொன்னார்கள். கையில் காசு இல்லை. கறந்துகொண்டிருந்த மாட்டை விற்று அப்பா பணம் கொடுத்தார். வண்டி வந்தது, சத்தமும் கூடவே வந்தது. கடைசியில் பட்டை கட்டும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. கடப்பாரையை ஸ்பிரிங் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். பட்டை ஒரு விரல் அளவுக்கு நகர்ந்தது. "புஷ் செத்துப்போச்சு தம்பி. இதுக்கு எதுக்கு உள்ள கையை விட்டீங்க?" என்றார். மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. கழற்றிய அந்தப் பழைய கிரவுன் வீல், இன்றைக்கும் எங்கள் மாட்டுத்தொழுவத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. அதன் பல்லில் ஒரு மூளிகூட இல்லை.

புஷ் என்ன வேலை செய்கிறது?

முதலில் டிஃப்ரன்ஷியல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். களத்தில் பிணையல் ஓட்டிப் போரடித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நடுவில் நிற்கும் மாடு மெதுவாகச் சுற்றும். ஓரத்து மாடு வேகமாக நடந்தால்தான் கூடவே வர முடியும். வண்டி திரும்பும்போது உள்பக்க சக்கரமும் வெளிப்பக்க சக்கரமும் அப்படித்தான். இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்ற வழி செய்வதுதான் டிஃப்ரன்ஷியல். இன்ஜினில் இருந்து வரும் சுற்றைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன். அதைச் சுழற்றும் சின்னது பினியன்.

உங்கள் பிக்-அப் போன்ற சரக்கு வண்டிகளில், டிஃப்ரன்ஷியல் பின் அச்சுக் குழாயின் நடுவிலேயே இருக்கிறது. அந்த அச்சை, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டைகள் யு-போல்ட் போட்டுப் பிடித்திருக்கின்றன. பட்டையின் முனைகள் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். இதைத்தான் 'கண்' என்கிறோம். முன் கண், வண்டிச் சட்டத்தில் உள்ள பிராக்கெட்டில் நேராக மாட்டியிருக்கும். பின் கண், 'ஷேக்கிள்' என்ற ஊஞ்சல் பட்டையில் தொங்கும். லோடு ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஊஞ்சல். இந்தக் கண்களுக்குள் இருப்பதுதான் புஷ்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சக்கரம் தரையைத் தள்ளும் விசை, வண்டிச் சட்டத்துக்குப் போய்ச் சேருவது அந்த இரண்டு முன் கண் புஷ் வழியாகத்தான். ஒன்றரை டன் லோடோடு மேட்டில் ஏறும்போது, வண்டியையும் சரக்கையும் முன்னே தள்ளுவது உங்கள் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ரப்பர் துண்டுகள். பிரேக் பிடித்தால் அதே புஷ் எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. ரிவர்ஸ் போட்டாலும் அப்படித்தான். அந்த ரப்பர் கிழிந்து இடைவெளி விழுந்துவிட்டால், விசை திசை மாறும்போதெல்லாம் அச்சு முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பில் இடிக்கும். நீங்கள் கேட்கும் 'டொக்' இதுவாகத்தான் இருக்கும்.

இதைச் சத்தம்தானே என்று விடக் கூடாது. ஒரு பக்கம் புஷ் தேய்ந்து அச்சு கோணலாகிவிட்டால், வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக ஓடும். டயர் சீக்கிரம் தேயும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். போல்ட்டும் பிராக்கெட் துளையும் தேய்ந்து பெரிதாகிவிட்டால், பிறகு வெல்டிங் வேலை வரை போகும். முன் கண் போல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று, மலைச்சாலையில் லோடோடு இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அரை மணி நேரச் சோதனை

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இந்தச் சோதனைக்கு ஜாக்கி வேண்டாம். வரிசை மாறாமல் பாருங்கள்.

1. ஆடும் சாமான்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, பின்கதவுக் கொக்கி, சங்கிலி, தொட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள். ஸ்டெப்னி தொங்கும் சங்கிலி தளர்ந்து, அந்தச் சத்தத்துக்காக ஷாக் அப்சார்பர் மாற்றியவர்கள் உண்டு.

2. சக்கர நட்டுகள்: எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

3. ஷாக் அப்சார்பர் புஷ்: மேலும் கீழும் உள்ள ரப்பரைப் பாருங்கள். கையால் பிடித்து அசைத்தால் 'கடக்' என்று ஆடக் கூடாது.

4. யு-போல்ட், சென்டர் போல்ட்: யு-போல்ட் நட்டின் ஓரத்தில் துருப்பொடி செம்மண்போல வழிந்திருந்தால், அது தளர்ந்து உராய்கிறது என்று அர்த்தம். பட்டைகளின் நடுவில் உள்ள சென்டர் போல்ட் அறுந்திருந்தாலும் அச்சு நகரும்.

5. ஸ்பிரிங் கண் புஷ்: டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி இருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கண்ணின் நடுவில் இருக்க வேண்டிய போல்ட் ஓரத்துக்கு வந்துவிட்டதா? பிறகு நீளமான கம்பியைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விட்டு நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கி மீள வேண்டும். இரும்பு இரும்பில் இடித்தால் புஷ் போய்விட்டது.

6. டேப் அளவு: பின் சக்கரத்தின் நடுவில் இருந்து, சட்டத்தில் முன்பக்கம் உள்ள ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்துகொள்ளுங்கள். மறுபக்கத்தில் அதே போல்ட் வரை அளவெடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே அச்சு கோணலாக நிற்கிறது.

7. கிராஸ், சென்டர் பேரிங்: கியரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸில் இருந்து பின்னால் வரும் ஷாஃப்ட்டைப் பிடியுங்கள். கிராஸின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் எதிரெதிராக முறுக்குங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அதை மாற்ற வேண்டும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால், நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டிஃப்ரன்ஷியல் பக்கம் போக வேண்டும்.

உண்மையிலேயே டிஃப்ரன்ஷியல் கெட்டிருந்தால்?

அதன் அடையாளமே வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது 'ம்ம்ம்' என்று ஊளையிடும். வேகம் கூடக் கூட அந்தச் சத்தம் மாறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும், விடும்போது இன்னொரு விதமாகவும் கேட்கும். பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடும். அந்த இடத்தில் சுழற்சியில் மட்டும் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள்.

உறுதி செய்ய, ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் மைபோல நைசான கறுப்புப் பசை ஒட்டியிருக்கும். அது வழக்கமான தேய்மானம். அதுவே செதில் செதிலாகவோ, பல் துண்டாகவோ இரும்பு வந்தால், பட்டறைக்காரர் சொன்னது சரி. அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எப்படி இருந்தாலும், வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் ரக கியர் ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும்.

புஷ் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வேலையைப் பட்டை கட்டும் பட்டறையில் கொடுப்பது நல்லது. கைவேலை பழகியவர்கள் வீட்டிலும் செய்யலாம். எங்கே செய்தாலும் கூடவே நின்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

*தூக்குவது:* கை பிரேக்கை நம்பாதீர்கள். அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. நாம் தூக்கப்போவதும் அதே பின் சக்கரத்தை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் கூடவே கூடாது, சொல்லாமல் உடையும். சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு அல்லது கெட்டியான மரக்கட்டைகள் கொடுத்து, வண்டியின் எடையை அதில் இறக்குங்கள். ஜாக்கி, அச்சை ஏற்றி இறக்க மட்டும்.

*ஒரு பக்கம் முடித்து மறுபக்கம்:* இரண்டு பக்கப் பட்டையையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு உருண்டுவிடும். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம். ஆனால், புஷ் மாற்றுவது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

*கழற்றுவது:* முந்தின நாள் மாலையே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். முதலில் பின்பக்க ஊஞ்சல், பிறகு முன் கண். அச்சை ஜாக்கியால் மெதுவாக ஏற்றி இறக்கினால், போல்ட்டின் மேல் அழுத்தம் இல்லாத ஒரு நிலை வரும். அப்போது போல்ட் தானாகத் தளரும். அழுத்தத்தில் இருக்கும்போது சுத்தியலால் அடித்துத் தள்ளினால், பட்டை துள்ளி அடிக்கும். பின் பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*நெருப்பு வேண்டாம்:* ரப்பரை கேஸ் வைத்து எரித்து எடுப்பது சுலபமாகத் தெரியும். ஆனால், சூடு ஏறினால் பட்டையின் பதம் போய்விடும். பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிரஸ்ஸில் தள்ளலாம். இல்லை என்றால், நீளமான மரை போல்ட், ஒரு குழாய்த் துண்டு, வாஷர் வைத்து முறுக்கி இழுக்கலாம். இரும்பு உறை கண்ணிலேயே தங்கிவிட்டால், ரம்பத்தை உள்ளே விட்டு உறையை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். கண்ணில் கீறல் விழக் கூடாது.

*பார்ப்பது:* கண் நீள்வட்டமாகியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, பிராக்கெட் துளை பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா? தட்டினால் போல்ட்டும் புதிது. பழைய போல்ட்டில் போட்ட புது புஷ், ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

*ஏற்றுவது:* ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் ஆயிலும் தடவக் கூடாது.

*கடைசி முறுக்கு:* இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ், உருளை மாதிரி சுழல்வதில்லை. அதன் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டை அசையும்போது ரப்பர் முறுங்கி மீளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் பாதி முறுங்கிய நிலையில் இருக்கும். அதற்கு மேல் லோடு ஏறினால் கிழிந்துவிடும். 'போன வருடம்தானே மாற்றினோம்' என்று நொந்துகொள்ளும் வண்டிகளில் பல இப்படிக் கெட்டவைதான். அதனால், நட்டுகளைத் தளர்வாக மாட்டி, சக்கரம் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அழுத்தி ஆட்டிவிடுங்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது கடைசி முறுக்கைக் கொடுங்கள். அளவு கையேட்டில் இருக்கும். பூட்டு நட்டும் காட்டர் பின்னும் புதிதாகப் போடுங்கள்.

யு-போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடையும், லோடோடு அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு. ஓட்டுநரும் கூட வருபவரும் அதற்குள்தான். கூடுதல் பட்டை போட்டால் ஸ்பிரிங் தாங்கும். ஆனால் புஷ், பிராக்கெட், அச்சு, பிரேக் எதுவும் கூடுதலாகத் தாங்காது. நஷ்டம் வேறு இடத்தில் வரும்.

"மகன் கோவையில் ஒரு பழைய ஃபோர்-வீல் டிரைவ் கார் வாங்கியிருக்கிறான். அதில் 'டிஃப்ரன்ஷியல் புஷ்' தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். டிஃப்ரன்ஷியலுக்கே புஷ் உண்டா?"

– வாசகி, ஈரோடு மாவட்டம்

உண்டு. ஆனால், எல்லாக் காரிலும் இல்லை. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. அவற்றில் டிஃப்ரன்ஷியல் முன்னால் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் டிஃப்ரன்ஷியலே கிடையாது. அந்த மாதிரிக் காருக்கு யாராவது 'பின் டிஃப்ரன்ஷியல் புஷ்' என்று பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு உள்ள பின்சக்கர டிரைவ் கார்களிலும், பல ஃபோர்-வீல் டிரைவ் கார்களிலும் நிலைமை வேறு. பிக்-அப்பில் டிஃப்ரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்தே ஏறி இறங்கும். இந்தக் கார்களில் அது வண்டியின் அடிச்சட்டத்தில் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து இரண்டு சின்ன ஷாஃப்ட்டுகள் சக்கரங்களுக்குப் போகும். பல்சக்கரத்தின் இரைச்சல் காருக்குள் கேட்காமல் இருக்க, சட்டத்துக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் நடுவில் பெரிய ரப்பர் புஷ்கள் போட்டிருப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது டிஃப்ரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும், விட்டால் இறங்கும். ரப்பர் கிழிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று தலையாட்டும். சில புஷ்களுக்குள் திரவம் இருக்கும். அது கசிந்து, புஷ் ஓரத்தில் ஈரக் கறையாகத் தெரிந்தால் அதுவே சாட்சி.

இது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பிரஸ்ஸோ, அதற்கான புல்லரோ வேண்டும். பல கார்களில் சைலன்சர் குழாயையும் ஷாஃப்ட்டையும் கழற்றி, டிஃப்ரன்ஷியலையே கீழே இறக்க வேண்டியிருக்கும். ஒரு ஆள் கையால் தாங்குகிற எடை அல்ல அது. வேலையை ஒப்படைக்கும்போது மகனை இந்த நான்கை மட்டும் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்:

* ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் பெயின்ட்டால் கோடு போட்டு அடையாளம் வைத்தார்களா? மாறிப் பூட்டினால் வேகத்தில் அதிர்வு வரலாம்.
* பழைய புஷ் எந்தத் திசை பார்த்து இருந்தது என்று குறித்தார்களா? சில புஷ்களில் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். திசை மாறினால் புஷ் சீக்கிரம் கிழியும்.
* ரப்பரா, பாலியூரித்தேனா? பாலியூரித்தேன் நாள்பட உழைக்கும். ஆனால் கெட்டியானது, பல்சக்கர இரைச்சல் காருக்குள் வரும். குடும்பம் போகும் காருக்கு கம்பெனி ரப்பரே நல்லது.
* வேலை முடிந்ததும் டிஃப்ரன்ஷியல் ஆயில் அளவைப் பார்த்தார்களா?

பழைய புஷ்ஷைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். எந்த வேலையானாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கும் பழக்கம், நம் எல்லோருக்கும் வேண்டும்.

"தண்ணீர் சர்வீஸ் முடிந்ததும் ஸ்பிரிங் பட்டைக்கு வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிறார்கள். துரு பிடிக்காது என்கிறார்கள். சரியா?"

– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பட்டைக்குத் துரு பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் புஷ்ஷுக்கு அது எமன். ரப்பர் பால் வெட்டும் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களைக் கேளுங்கள். ரப்பர் ஷீட் மண்ணெண்ணெயில் கிடந்தால் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். கந்தகம் சேர்த்துச் சுட்டுக் கெட்டியாக்கிய ரப்பர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; ஆனாலும் தொடர்ந்து டீசலும் ஆயிலும் பட்டால் உப்பி, மெதுவாகி, கிழியும். அடிக்கிற ஆயில் வழிந்து பிரேக் டிரம்மிலும் இறங்கலாம். லைனரில் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது. சேறு போகத் தண்ணீர் அடியுங்கள்; காயவிடுங்கள். அவ்வளவு போதும்.

பழைய லாரி, சில டிரெய்லர்களில் ரப்பர் இல்லாமல் வெண்கல புஷ் இருக்கும். கண்ணின் ஓரத்தில் கிரீஸ் நிப்பிள் தெரிந்தால் அது அந்த ரகம். அதற்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். சுருக்கமாக நினைவில் வையுங்கள்: ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, வெண்கலத்துக்குக் கிரீஸ் இல்லாமல் ஆகாது.

"டிராக்டரின் முன் அச்சு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஸ்டீயரிங்கும் நடுங்குகிறது. இதுவும் புஷ்தானா?"

– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பெரும்பாலும் அதுதான். டிராக்டரின் முன் அச்சு, நடுவில் ஒரு பெரிய பின் மேல் தராசு மாதிரி சாய்ந்தாடும்படி அமைந்திருக்கிறது. இடம், வலமாகச் சாய்வது அதன் வேலை. முன்னும் பின்னும் ஆடினால் சென்டர் பின் புஷ் தேய்ந்துவிட்டது. டை ராட் முனைகளையும் சக்கர பேரிங்கையும் கூடவே பாருங்கள். புஷ் மாற்றும்போது பின்னையும் அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சேற்றுழவு நாள்களில் இந்தப் பின் சேற்றுக்குள்ளேயே வேலை செய்கிறது. அந்த நாள்களில் தினமும் மாலை கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸோடு சேறும் மணலும் பிதுங்கி வெளியே வந்து, சுத்தமான கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். செய்யாமல் விட்டால் அந்த மணலே உப்புத்தாள் மாதிரி பின்னைத் தின்றுவிடும்.

திண்டுக்கல் வாசகருக்கு: கடப்பாரையை எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். என் கணிப்பு தவறு என்றால் அதையும் எழுதுங்கள். இதே பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். மற்ற வாசகர்கள் கேள்வி அனுப்பும்போது வண்டியின் வயது, என்ன சரக்கு, சத்தம் எப்போது வருகிறது என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.